அடிக்கல்லைச் சுற்றிப் போகும் இலத்திரன்

பல்லேபொலவில் நாங்கள் கட்டப்போகும், இலத்திரன்களை வேகமெடுக்க வைக்கும் ஆர்முடுக்கியின் வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் விரலை வைப்பார்கள். நேராக வந்துகொண்டிருக்கும் இலத்திரன் கற்றை நடுவழியில் இடப்பக்கம் ஒதுங்கி, நாலு காந்தங்களுக்கு ஊடாக ஒரு வளைவு எடுத்து, மறுபடி பழைய கோட்டுக்கே திரும்பும். "இது என்ன?" என்று கேட்பார்கள். படித்தவர்களுக்கு ஒரு பதிலும் மற்றவர்களுக்கு இன்னொரு பதிலும் வைத்திருக்கிறேன். இரண்டும் உண்மைதான். இரண்டையும் சேர்த்து ஒரே ஆளிடம் சொல்லும் தைரியம் எனக்கு ஒரே ஒரு நாள்தான் வந்தது.

நான் மாத்தளை டவுனில் பிறந்தவள். பன்னிரண்டு வருடம் வெளிநாட்டில் அடுத்தவர்களின் ஆர்முடுக்கிகளுக்கு வேலை பார்த்தேன். அங்கே நான் இருந்த ஆய்வுகூடம் புது இயந்திரம் வாங்கியபோது, பழைய ஆர்முடுக்கிக் குழாயை யாருக்காவது இனாமாகக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தது. எங்கள் நாட்டுக்குத் தாருங்கள் என்று நான் கையைத் தூக்கினேன். சரி, ஆனால் ஒழுங்கான வடிவமைப்பு ஒன்றைக் காட்டு, எங்கள் ஆள் பார்த்துத் தேறியது என்று சொன்னால்தான் குழாய் கப்பலேறும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் நாட்டுக்குப் போய்விடும் என்றார்கள். அந்தக் குழாயை நம்பி வேலையை விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

இந்த இயந்திரம் செய்யப்போகும் வேலை இதுதான். ஒரு பொருளை லேசரால் ஒரு தட்டுத் தட்டுவோம். உள்ளே அணுக்கள் துடிக்கும். அந்தத் துடிப்பு அடங்குவதற்குள் இலத்திரன் கூட்டம் ஒன்றை அதன்மேல் பாய்ச்சிப் படம் பிடிக்க வேண்டும். அந்த வேகத்தை அளக்கும் அலகுக்கு ஃபெம்டோசெக்கன் என்று பெயர். ஒரு செக்கனைக் கோடி கோடியாக நறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது வரும். இலத்திரன் கூட்டம் குட்டையாக இருந்தால் படம் தெளிவாக விழும். நீண்டுவிட்டால், உட்கார மறுக்கும் பிள்ளையைப் படம் எடுத்தது மாதிரி எல்லாம் கலங்கிப் போகும்.

இதை நான் அம்மாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விளக்கினேன். மறுநாள் கோயிலில் அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.

"வேற ஒன்னுமில்ல, எங்க மக ஒரு பெரிய கேமரா கட்டுறா. அணுவையே படம் புடிச்சிருமாம்."

"அப்ப தேருக்கு ஒரு நாளைக்குத் தருவாங்களா?" என்று கேட்டார் கோயில் பொருளாளர். "போன வருசம் வந்தவன் எடுத்ததெல்லாம் ஆடிப் போச்சு."

இதைக் கட்டுவதற்கென்று அரசாங்கம் நியமித்த குழுவிலும் நிலைமை இதைவிடப் பெரிதாக வேறுபடவில்லை. ரிவர்ஸ்டன் மலையில் கட்டினால் என்ன, வருகிறவர்களுக்குப் பார்க்க அழகாக இருக்குமே என்றார் ஒரு உறுப்பினர். இலத்திரன்கள் காற்றை உறிஞ்சிய குழாய்க்குள்தான் ஓடும், அவற்றுக்கு இயற்கைக் காட்சி தேவையில்லை என்று நான் சொன்னதை அவர் கடைசிவரை முழு மனதாக ஏற்றுக்கொள்ளவில்லை. நாவுலயில் நல்ல சமதரை கிடைத்தது. ஆனால் அறுவடை மெஷின்கள் இறங்கினால் பூமி அதிரும், அதிர்ந்தால் படம் போயிற்று. கடைசியில் பல்லேபொலவில் ஒரு ஒடுங்கலான காணி அமைந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரரின் மிளகுத் தோட்டம், கோடியில் பூமியோடு பூமியாகக் கிடக்கும் பெரிய பாறை. படம் எடுக்கும் அறையை அந்தப் பாறைமேல் உட்காரவைத்துவிட்டால் எந்த அதிர்வும் அண்டாது. தெருப்பக்கம் குழாய், பாறைப்பக்கம் அறை, நடுவே நேர்கோடு. காணியின் அகலத்துக்கு அந்த ஒரு கோட்டைத் தவிர வேறு கோடு போட வழியில்லை.

அந்தக் கோட்டைக் காணியில் ஆப்படித்துக் காட்டியவர் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மாத்தளைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு அளவு நாடா இருக்கும். அதை வெளியே எடுக்காமல் அவர் எதையும் நம்பியதில்லை. டவுனில் முன்பு கராம்பு மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு மாடியறையை எங்களுக்கு அலுவலகமாகக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் இருவரும் அங்கே உட்கார்ந்து தும்மிக்கொண்டே வேலை செய்தோம்.

பிறகு அடிக்கல் நாட்டு விழா வந்தது. சுபநேரம் காலை பத்து நாற்பத்து மூன்று என்று குறித்திருந்தார்கள். ஈசான மூலையில் குழி தோண்டி, பக்கத்தில் பந்தல் போட்டு, பிக்கு, குருக்கள், மௌலவி, பாதிரியார் என்று நாலு சமயத்தவரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிரதம அதிதியை மட்டும் காணவில்லை. வழியில் இன்னொரு திறப்பு விழாவில் மாட்டிக்கொண்டாராம். முதல் நாள் பெய்த மழையில் காணி சேறாகியிருந்தது. தெருவிலிருந்து பாதித் தூரத்துக்குத்தான் கிரவல் மண் போட்டிருந்தார்கள், மீதிக்கு லொறி வரவில்லை.

பத்து நாற்பத்தொன்றுக்கு வாகனம் வந்து, கிரவல் முடிந்த இடத்தில் நின்றது. கதவைத் திறந்த பிரதம அதிதி சேற்றைப் பார்த்தார், தன் வெள்ளை உடுப்பைப் பார்த்தார். குழுவின் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஈசான மூலைக்கு நடந்தால் நேரம் தப்பிவிடும்.

"இங்கேயே தோண்டு!" என்று செயலாளர் சிங்களத்தில் கத்தினார்.

மேசன் பாஸ் மண்வெட்டியோடு ஓடிவந்தார். நாலு பேர் பெயர் பொறித்த கல்லைத் தூக்கிக்கொண்டு சேற்றில் சறுக்கிச் சறுக்கி வந்தார்கள். பின்னாலேயே நாலு சமயத்தவரும் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சரியாகப் பத்து நாற்பத்து மூன்றுக்கு, வாகனக் கதவிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி, கல் இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு எடுத்து ஒழுங்கான இடத்தில் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் தட்டினேன்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், கல்லுக்கு இடுப்பளவு மேடை கட்டி, நாலு பக்கமும் சங்கிலி போட்டாயிற்று. நானா நாடாவை இழுத்தார், சுருட்டினார், மறுபடி இழுத்தார்.

"தங்கச்சி, லைன்ல நட்டநடுவுல ஈக்குது. வேணும்னு வச்சாலும் இவ்வளவு கரெக்டா வைக்க ஏலாது."

கல்லை நகர்த்தித் தாருங்கள் என்று நான் ஐந்து கடிதம் எழுதினேன். ஆசீர்வதித்த கல்லை நகர்த்தக் கூடாது என்று பதில் வந்தது. நான் குருக்களிடம் போனேன். "கல்லுதானேம்மா, தூக்கி அந்தப் பக்கம் வச்சுக்கோங்க" என்றார். நானா மௌலவியிடம் கேட்டார், அவரும் அதையேதான் சொன்னார். சாமிக்கு இல்லாத ஆட்சேபனை குழுவுக்கு இருந்தது. உண்மையான காரணத்தைச் செயலாளர் தேநீர் குடிக்கும்போது சொன்னார். கல்லில் பெயர் இருக்கிறது. பெயருக்குரியவர் பதவியில் இருக்கிறார். அதைப் பெயர்த்தவர் தன் நாற்காலியில் இருக்கமாட்டார்.

அதற்குப் பிறகு வந்த கூட்ட அறிக்கையில் ஒரு வரி இருந்தது. "கற்றையைச் சற்று விலகிப் போகச் செய்வது பற்றி வடிவமைப்பாளர் பரிசீலிக்கலாம்." அதைப் படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் நான் கத்தமாட்டேன், வரைவேன். கல்லுக்கு முன்னால் இரண்டு காந்தம், பின்னால் இரண்டு காந்தம், நடுவே கல்லைச் சுற்றி ஒரு வளைவு. அரைமணி நேரத்தில் வரைந்து முடித்து, கூடவே ஒரு கடிதமும் வைத்தேன். "மாண்புமிகு அடிக்கல்லுக்கு இலத்திரன்கள் ஒதுங்கி வழிவிட்டு, உரிய மரியாதையைச் செலுத்திய பின்னரே அப்பால் செல்லும்" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு வெட்கப்படட்டும் என்பது என் எண்ணம்.

ஒரே அமர்வில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மேசை வாங்கவே எட்டு மாதம் எடுத்த குழு அது. வடிவமைப்பாளரின் பண்பு மெச்சத்தக்கது என்று அறிக்கையில் எழுதியிருந்தது. காந்தங்களையும் கொள்வனவுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எந்தத் தலைப்பில் என்று பார்த்தேன். சிவில் வேலைகள், அடிக்கல் பாதுகாப்பு உபகரணம், எண்ணிக்கை நான்கு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நான் கொடுத்த பட்டியலிலும் நாலு காந்தங்கள் இருந்தன. ஆர்முடுக்கி ஒன்றுக்கு இத்தனை காந்தம் எதற்கு என்று யாரோ சிவப்புப் பேனையால் அடித்துவிட்டிருந்தார்கள். அதனால்தான் நேர்கோடே போதும் என்று வரைந்தேன். போதவில்லை. இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளும், போகப் போகக் கூட்டம் நீளும். என் கணக்கில் பாறையறையை அடையும்போது அது தேவையைப்போல் மூன்று மடங்கு நீண்டிருந்தது. அப்படியே காட்டினால் வடிவமைப்புத் தேறாது, குழாய் வராது. அந்தக் கவலையை நானாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன், அம்மாவிடம் சொல்லவில்லை.

"அந்தக் கோவத்துல வரஞ்சதுக்குக் கணக்குப் பாத்தீங்களா?" என்று நானா கேட்டார்.

"கூத்துக்கு என்ன நானா கணக்கு?"

"கூத்தோ என்னமோ, சைன் வச்சிட்டாங்கதானே. பாத்திருங்களேன்."

பார்த்தேன். வளைவில் சக்தி கூடிய இலத்திரன் குறுக்காகப் போகும், சக்தி குறைந்தது சுற்றிப் போகும். குழாய்க்குள் இலத்திரன்களைத் தள்ளும் அலையின் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பின்னால் வருகிறவற்றுக்குக் கூடுதல் சக்தி கொடுத்துவிட்டால், அவை வளைவில் முன்னால் போனவற்றைப் பிடித்துவிடும். கூட்டம் சுருங்கும். பெரிய இயந்திரங்களில் எல்லோரும் செய்கிற வேலைதான், நான் முதலில் காந்தம் கேட்டதும் அதற்குத்தான். திரையில் வந்த எண்ணை நம்பாமல் கீழே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினேன். அதே எண் வந்தது. கூட்டம் தேவையைவிடக் குட்டையாகவே இருந்தது. கணக்கில் கல் இருந்த இடத்தை ஒரு முழம் முன்னால் தள்ளிப் பார்த்தேன், பின்னால் தள்ளிப் பார்த்தேன். எங்கே தள்ளினாலும் கொஞ்சம் மோசமாகத்தான் ஆனது. அந்த மனிதர் வாகனத்திலிருந்து இறங்கிய இடம்தான் இருப்பதில் நல்ல இடம்.

எனக்குச் சந்தோஷமும் வந்தது, அவமானமும் வந்தது. எது கூட என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

குழாய் தரும் ஆய்வுகூடத்தின் சார்பில் திரையில் வந்து பரிசீலித்த பேராசிரியைக்கு வளைவு மிகவும் பிடித்துவிட்டது. ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார். காணியின் நிலைமை அப்படி என்றேன். நல்ல தீர்மானம் என்றார். நாலு காந்தங்களும் கொள்வனவுப் பட்டியலில் உறுதியாக இருக்கின்றன என்று ஒரு கடிதம் மட்டும் அனுப்பு, குழாயை அடுத்த மாதமே கப்பலில் ஏற்றிவிடுகிறோம் என்றார். அன்றைக்கு நானாவுக்கும் எனக்கும் நான்தான் டீக்கடை ரோல்ஸ் வாங்கினேன்.

கடிதம் கேட்டுச் செயலாளரிடம் போனபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. பிரதம அதிதியின் பதவி போய்விட்டது. அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். பழைய பெயருள்ள கல்லை உடனே அகற்றி, புதியவரின் கையால் புதிய கல்லை ஈசான மூலையில், அதாவது உரிய இடத்தில், நாட்ட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். சுபநேரம் பதினொன்று பன்னிரண்டு. அவர் நீட்டிய கூட்ட அறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. "நடுவிலுள்ள அடிக்கல் அகற்றப்படுவதால் அதன் பாதுகாப்பு உபகரணம் நான்கும் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன."

"சேர், அந்தக் காந்தம் இல்லாமல் இயந்திரமே இல்லை" என்றேன்.

"நீங்கள்தானே கல்லை எடுக்கச் சொல்லி ஐந்து கடிதம் எழுதினீர்கள்?" என்றார் செயலாளர். கோப்பைத் திறந்து ஐந்தையும் வரிசையாக எடுத்துக் காட்டினார்.

மாடியறைக்கு வந்து நான் அழுதேன். ஒருவருடைய பெயர் பொறித்த கல்லை ஒரு வருடம் முழுக்கத் திட்டிவிட்டு, இப்போது அதே கல்லுக்காக அழுகிறேனே என்று இன்னும் அழுகை வந்தது. நானா தும்மிவிட்டு, மெதுவாக நாடாவை வெளியே எடுத்தார்.

"போன முறை கல்லு ஏன் அங்க விழுந்திச்சு, தங்கச்சி? கிரவல் அங்க முடிஞ்சதால. சேறு இருந்ததால. அவரு பிந்தி வந்ததால. மூணுல ரெண்டு நம்ம கையில ஈக்குது. மத்ததை அல்லாஹ் பாத்துக்குவான்."

மண் தோண்டும் பெக்கோ வந்து பழைய கல்லையும் மேடையையும் பிடுங்கிக்கொண்டு போனது. குழி அப்படியே கிடந்தது. அதன்மேல் பலகையைப் போட்டு மூடினோம். பழைய கிரவலில் புல் முளைத்திருந்தது. நானா புதுக் கிரவலைக் கொட்டுவித்து, குழியிலிருந்து இரண்டு எட்டு இந்தப் பக்கம் நிறுத்தச் சொன்னார். சாரதி வழக்கமாக எவ்வளவு முன்னால் நிறுத்துவான், கதவு எவ்வளவு அகலம் திறக்கும் என்றெல்லாம் அடுத்த தெரு வேன் ஒன்றை நிறுத்திப் பார்த்து அளந்தோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக எந்த இயந்திரத்தையும் நேர்ப்படுத்தியதில்லை. மழைதான் வரவில்லை. ஆகவே விழாவுக்கு முதல் நாள் பின்னேரம், மிளகுத் தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு, வாய்க்கால் மடையைத் திறந்து என் சொந்த ஆய்வுகூடக் காணிக்கு நானே தண்ணீர் பாய்ச்சினேன். உங்களுக்கு வயல் செய்கிற யோசனை இருக்கிறதா என்று அவர் சந்தேகத்தோடு கேட்டார்.

மறுநாள் எல்லாம் நினைத்தபடி இருந்தது. சேறு முழங்கால் அளவு. கிரவல் சரியாகக் குழியோரம். நாலு சமயத்தவரும், இந்த முறை அனுபவப்பட்டவர்களாக, கிரவலிலேயே கதிரை போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார்கள்.

புதிய பிரதம அதிதி அரைமணி நேரம் முன்னதாக வந்தார். கதவைத் திறந்து இறங்கினார். காலில் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்.

"நானும் விவசாயிதான்" என்று சொல்லிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கி நடந்தார். ஈசான மூலை வரை போனார். அங்கே குழியைப் பார்த்தார், பாறையைத் தட்டிப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். நான் பின்னாலேயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். குழாய் இன்னொரு நாட்டுத் துறைமுகத்தில் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பி வரும் வழியில் அவர் எங்கள் பலகையின்மேல் ஏறி நின்றார்.

"இது என்ன பள்ளம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அப்போதுதான் அந்தத் தைரியம் வந்தது. இரண்டு பதிலையும் சேர்த்துச் சொன்னேன். இலத்திரன் கூட்டம் நீளும் என்பதையும், வளைந்தால் சுருங்கும் என்பதையும், வளைவுக்குக் காந்தம் வேண்டும் என்பதையும், காந்தம் கல்லின் பெயரில்தான் பட்டியலில் இருக்கிறது என்பதையும், கல் இந்தப் பள்ளத்தில் இருந்தால்தான் காந்தம் வரும் என்பதையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். செயலாளர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானா நாடாவை இறுக்கிப் பிடித்திருந்தார்.

பிரதம அதிதி பொறுமையாகக் கேட்டார். கொஞ்சம் யோசித்தார்.

"அப்படியானால் காந்தத்தைக் காந்தம் என்றே பட்டியலில் எழுதினால் என்ன?"

இத்தனை காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்.

"பட்டியலை மறுபடி திறக்க வேண்டும், சேர்" என்றார் செயலாளர். "குழு முதலிலிருந்து கூட வேண்டும்."

"கூடட்டும். நான் சொல்கிறேன். கல்லை அதன் இடத்தில் வைப்போம், காந்தத்தை ஒழுங்காகக் கேட்போம்."

நியாயமான பேச்சு. வந்த நாளிலிருந்து நான் கேட்கத் துடித்த பேச்சு. ஆனால் அவர் சொன்ன குழுவை எனக்குத் தெரியும். ஒரு மேசைக்கு எட்டு மாதம். கப்பல் அடுத்த மாதம். எனக்குக் கைக்கடிகாரம் கட்டும் பழக்கமில்லை. செயலாளரின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன்.

"சேர், பதினொன்று பத்து" என்றேன். "சுபநேரத்துக்கு இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. ஈசான மூலைக்கு நடப்பதற்குள் நேரம் தப்பினால் நன்றாயிருக்காது."

பிரதம அதிதி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இவ்வளவு படித்தவள் இப்படியா என்கிற பார்வை. பிறகு கையைக் கழுவத் தண்ணீர் கேட்டார். நானா பலகையை இழுத்தார். பாஸும் ஆட்களும் கல்லைத் தூக்கி வந்தார்கள். பதினொன்று பன்னிரண்டுக்குப் புதிய கல் பழைய குழியில் பிசகாமல் உட்கார்ந்தது. எல்லோரையும்விட நான்தான் பலமாகக் கை தட்டினேன்.

நடுவில் மறுபடி அடிக்கல் இருக்கிறபடியால் அதன் பாதுகாப்பு உபகரணமும் பட்டியலில் இருந்தது. அன்று பின்னேரமே செயலாளர் கடிதத்தில் ஒப்பம் வைத்தார். குழாய் இப்போது கடலில் வந்துகொண்டிருக்கிறது.

விழா முடிந்து, சேறு பிடித்த காலோடு பஸ்ஸுக்கு நின்றபோது அம்மா போனில் கூப்பிட்டாள்.

"கல்லு வச்சாச்சா? நேரம் தப்பலியே?"

"தப்பலம்மா" என்றேன். "நான்தான் நேரம் பாத்துச் சொன்னேன்."